காசிமேட்டுப் பையனுக்கு விமான வேலை சரிப்படுமா?

கேள்வி: 18 ஆகஸ்ட் 2024

ஐயா, என் தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான். கணக்கு, இயற்பியல், வேதியியல் குரூப். விமானப் பராமரிப்பு, அதாவது ஏ.எம்.இ., படிக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அப்பா சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஃபைபர் படகு ரிப்பேர் பார்ப்பவர். சொந்தக்காரர் ஒருவர் வந்து, "நமக்கும் பிளேனுக்கும் என்னம்மா சம்பந்தம்? அதெல்லாம் மீனம்பாக்கம் பக்கத்து ஆளுங்க வேலை, பெங்களூர் ஆளுங்க வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து அப்பா யோசனையில் இருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

18 ஆகஸ்ட், இரவு

தங்கச்சி, இப்போதைக்கு யாருக்கும் பணம் கட்டாதே. எனக்கு ராயபுரம். 36 வருஷம் ஹாங்கரில், அதாவது விமானம் பழுது பார்க்கும் கொட்டகையில், தகடு வேலை பார்த்து 2021ல் ஓய்வு பெற்றேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு பயிற்சி நிலையத்தில் லட்சக்கணக்கில் கட்டிச் சேர்ந்தான். அங்கே இருந்தது வெயிலில் வெளுத்துப்போன ஒரே ஒரு பழைய விமானம். அதன் எஞ்சின் மூடியைக்கூட இவனைத் திறக்கவிடவில்லை. கடைசியில் ஒரு சான்றிதழ் வந்தது, லைசென்ஸ் வரவில்லை. அவன் அம்மாவின் நகை போனது போனதுதான். அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

உங்கள் சொந்தக்காரர் சொன்னது வேறு. அது தப்பு. அதற்கு நாளை உட்கார்ந்து எழுதுகிறேன்.

19 ஆகஸ்ட்

புழல் ஏரி என்றால் நமக்குக் குடிதண்ணீர். ஏரி நிரம்பிவிட்டதா என்று மழைக்காலத்தில் பேப்பரில் பார்ப்போம், அத்தோடு சரி. இரண்டாம் உலகப் போரில் அந்தத் தண்ணீரில் விமானங்கள் இறங்கின. பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆவது ஸ்க்வாட்ரன் 1942லிருந்து செங்குன்றம் ஏரி என்றும் சொல்கிற இந்தப் புழல் ஏரியில் காடலினா என்ற பறக்கும் படகுகளை வைத்திருந்தது. அடிப்பாகம் படகு, தலைக்கு மேலே இறக்கை, அதில் இரண்டு எஞ்சின். ஏரியில் எழும்பி, வங்காள விரிகுடாவில் ஜப்பான்காரர்களின் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிச் சுற்றிவிட்டு மறுபடி ஏரியிலேயே வந்து உட்காரும். இருபது மணி நேரத்துக்கு மேல்கூட அதனால் காற்றில் தாக்குப்பிடிக்க முடியும்.

ஏரி எதற்கு? அன்றைக்குப் பெரிய விமானம் ஓடி எழும்பும் நீளத்துக்குத் தரையில் பாதை பல ஊர்களில் கிடையாது. தண்ணீர் மட்டும் எல்லா ஊரிலும் இருந்தது. அதனால் 1930களில் கடல் தாண்டிப் போகிற பெரிய விமானம் என்றாலே பறக்கும் படகு என்றுதான் இருந்தது. போர் வந்தபோது உலகம் முழுக்க நீளமான ஓடுபாதைகள் போட்டார்கள். போர் முடிந்ததும் அந்தப் பாதைகள் எல்லாம் அப்படியே கிடந்தன. படகு வயிற்றைச் சுமந்துகொண்டு பறக்க வேண்டிய அவசியம் போனது. சில வருஷத்தில் பறக்கும் படகுகள் ஒதுங்கிவிட்டன.

போருக்காகப் போட்ட அந்தப் பாதைகளில் ஒன்று எங்கே இருந்தது தெரியுமா? சோழவரத்தில். செங்குன்றத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வடக்கே. போருக்குப் பிறகு அந்த ஓடுபாதையில்தான் சோழவரம் ரேஸ் நடந்தது. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும்வரை கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் எல்லாம் அங்கேதான். நான் ஆறாவது படிக்கும்போது அப்பா கூட்டிப் போனார். கார் பறந்ததை மறந்துவிட்டேன். "இது கார் ஓட்டப் போட்ட ரோடு இல்லடா, ஏரோப்ளேன் ஓடின ரோடு" என்று அவர் சொன்னது மறக்கவில்லை. குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன்.

தோற்றுப்போன முறை புழலில், ஜெயித்த முறை சோழவரத்தில். விமானத் தொழிலின் அவ்வளவு பெரிய திருப்பத்தின் இரண்டு பக்கமும் நம் பக்கத்தில் ஒரு சைக்கிள் மிதி தூரத்துக்குள் கிடக்கிறது. அதனால் சம்பந்தம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். 1932லேயே ஜே.ஆர்.டி. டாடா தபால் விமானத்தை மெட்ராஸில் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது.

21 ஆகஸ்ட்

மணலியை விட்டுவிட்டேன். அங்கே இருக்கிற சுத்திகரிப்பு ஆலையில் விமான எரிபொருளும் தயாராகிறது. அங்கிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் குழாய் வழியாகவே போகிறது. தொண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்கள் அந்த ஆலையின் வாடையைச் சுவாசித்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள். மீனம்பாக்கத்தில் விமானம் எழும்புவதில் அந்த எண்ணெய்க்கும் பங்கு உண்டு.

ஜெட் எரிபொருள் என்றால் ஏதோ ராக்கெட் மருந்து என்று நினைக்க வேண்டாம். அது மண்ணெண்ணெய் ஜாதிதான். ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய அதே குடும்பம், ஆனால் மிகச் சுத்தமாக வடித்தது. மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது, ஏனென்றால் மேலே குளிர் அப்படி. தண்ணீர் கலந்திருக்கக் கூடாது. டேங்கின் அடியில் வால்வைத் திறந்து கண்ணாடி ஜாரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து மாதிரி உட்காரும். இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு முதலில் கொடுத்த பொறுப்பு அந்த ஜார்தான். ராத்திரி ஷிப்ட் முடிந்து மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வந்து இறங்கும்போதும் கையில் அந்த வாசனை இருக்கும்.

22 ஆகஸ்ட்

முந்தாநாளுக்கு முன்னால் எழுதியதில் ஒரு தப்பு. 1932 அக்டோபரில் டாடா ஓட்டியது கராச்சியிலிருந்து பம்பாய் வரைக்கும்தான். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். எல்லோரும் டாடாவையே சொல்லிச் சொல்லி அந்த மனிதர் பெயர் அழிந்துவிடுகிறது. நானும் அதையே செய்துவிட்டேன்.

இதைத் தேடும்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 1910ல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். அதைக் கட்டிக்கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி, கோச்சு வண்டி கட்டிக்கொண்டிருந்த அதே சிம்ப்சன். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. வண்டி கட்டத் தெரிந்த கை விமானமும் கட்டியிருக்கிறது.

25 ஆகஸ்ட்

அந்தக் கடைசி வரியை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரைட் சகோதரர்களே சைக்கிள் கடைக்காரர்கள்தானே. அவர்கள் கடையில் வேலை செய்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக், ஒரு லேத்தும் டிரில்லும் கைக்கருவிகளும் வைத்துக்கொண்டு ஆறு வாரத்தில் அந்த எஞ்சினைச் செய்தார். 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி, 120 அடி. புரொப்பெல்லரைச் சுற்றியது செயின். எழும்பியவர்கள் பெயர் ஊருக்கே தெரியும். எஞ்சின் செய்தவர் பெயரை எங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான் சொல்கிறோம்.

எங்கள் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில், அதாவது ரயில் பெட்டி செய்யும் இன்டெக்ரல் கோச் ஃபேக்டரியில், ஷெல் என்கிற பெட்டிக் கூடு கட்டும் பிரிவில் இருந்தார். 1955ல் தொடங்கிய ஆலை, ஸ்விஸ்காரர்களின் தொழில்நுட்பம். அதன் பெயரில் 'இன்டெக்ரல்' என்று ஏன் வந்தது என்று ஒருநாள் கேட்டேன். சாப்பிட்டு வைத்த பால் பவுடர் டப்பாவை எடுத்து, மூடியைப் போட்டு, "இப்ப நசுக்கு பார்க்கலாம்" என்றார். முடியவில்லை. மூடியையும் அடியையும் வெட்டிவிட்டுக் கொடுத்தார், ஒரு கையால் நசுங்கியது. பழைய பெட்டிகளில் கீழே இருக்கும் சட்டம்தான் பாரம் தாங்கும், மேல்கூடு சும்மா உட்கார்ந்திருக்கும். ஐ.சி.எஃப். பெட்டியில் கூரை, பக்கச்சுவர், தரை எல்லாம் சேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன. விமானத்தின் உடம்பும் அதேதான். தோல்தான் எலும்பும். ஹாங்கரில் முதல் நாள் இதை வகுப்பெடுத்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பெரம்பூர் குவார்ட்டர்ஸ் சமையலறையிலேயே படித்துவிட்டேன்.

ஒருவர் கேட்டிருக்கிறார், ரயில் பெட்டியை வெல்டிங் செய்கிறார்கள், விமானத்தை ஏன் ரிவெட் என்கிற ஆணி அடித்துச் சேர்க்கிறார்கள் என்று. நல்ல கேள்வி. விமானத் தகடு பெரும்பாலும் 2024, 7075 என்று எண்ணால் சொல்கிற அலுமினியக் கலவை. சூடாக்கி, தண்ணீரில் அமிழ்த்தி, நாள் கொடுத்து அதற்குப் பலம் ஏற்றியிருக்கிறார்கள். வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பலம் போய்விடும், ஆறும்போது வெடிப்பும் விழும். அதனால் துளை போட்டு ரிவெட். ஒரு பெரிய விமானத்தில் ரிவெட்டை லட்சக்கணக்கில் எண்ண வேண்டும்.

அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட் அடிக்கும் கன்னோடு, உள்ளே ஒருவர் முட்டுக்கொடுக்கும் பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. தகட்டில் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு, இன்னும் அடி. இரண்டு தட்டு, சரி. மூன்று தட்டு, கெட்டுப்போச்சு, எடுத்துவிடு. எட்டு வருஷம் ஒரே ஆளோடு அப்படி வேலை செய்தேன். அவர் தட்டுகிற விதத்திலேயே அன்றைக்கு வீட்டில் சண்டையா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

31 ஆகஸ்ட்

ஐஸ் பற்றி எழுதாவிட்டால் காசிமேட்டுக்கு மரியாதை இல்லை.

1906ல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம் என்பவர் செம்பு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிரவைத்துச் சோதித்தார். பெரிய பலம் எதுவும் வரவில்லை. இடையில் ஒரு விடுமுறை. திரும்பி வந்து அதே துண்டைச் சோதித்தால் கடினமாகியிருந்தது. யாரும் தொடவில்லை, சும்மா கிடந்தே பலம் ஏறியிருக்கிறது. டூராலுமின் பிறந்தது அப்படித்தான். மரமும் துணியுமாக இருந்த விமானம் உலோகத்துக்கு மாற அதுதான் வழி திறந்தது.

சில வகை ரிவெட்டுக்கும் அதே குணம். சூடேற்றி அமிழ்த்தியதும் மிருதுவாக இருக்கும், நேரம் போகப் போக இறுகும். இறுகியபின் அடித்தால் தலை வெடிக்கும். அதனால் ஃப்ரீசரில் வைத்திருப்போம். வெளியே எடுத்த பத்து, இருபது நிமிடத்துக்குள் அடித்தாக வேண்டும். தாண்டினால் திரும்ப முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். கையில் எவ்வளவு வேலை இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் எண்ணி எடுப்போம்.

ஐஸை விட்டு எடுத்த மீனுக்கு மணி கணக்கு உண்டு என்பதை நம் ஊர்ப் பிள்ளைக்குப் பாடம் எடுக்க வேண்டுமா? புதிதாக வருகிற மற்ற பையன்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆகும். பனைமரத்தொட்டியிலிருந்து வந்த ஒருவன் ஒரே நாளில் பிடித்துக்கொண்டான்.

8 செப்டம்பர்

உப்புக்காற்று. இதை எழுத இத்தனை நாள் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் இதில் என் சொந்தக் கதையும் வரும்.

1988 ஏப்ரல் 28. ஹவாய் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 24,000 அடியில் போய்க்கொண்டிருந்தபோது முன்பக்கக் கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது. உள்ளே 95 பேர். பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுக்கப்பட்டு இறந்தார். மற்ற எல்லோரையும் விமானி உயிரோடு இறக்கினார். அந்த விமானத்துக்கு வயது 19, அதற்குள் 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. தீவுக்குத் தீவு சின்னச் சின்னப் பயணம், நாள் முழுக்க உப்புக்காற்று. ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏறி உடம்பு உப்பும், இறங்கும்போது சுருங்கும். தகடும் தகடும் சேரும் இடத்தில் போட்ட ஒட்டு விட்டுப்போய், ஈரம் புகுந்து, அரிப்பு பரவி, பாரம் முழுக்க ரிவெட்மேல் விழுந்து, துளைகளில் மயிரிழை வெடிப்புகள் வரிசையாக வந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. ஏறும்போதே ஒரு பயணி அந்த வெடிப்பைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, நம் வீட்டு ஜன்னல் கம்பியை உப்பு தின்கிற மாதிரிதான் எனக்கு எல்லா விமானமும் தெரிந்தது. ராயபுரத்தில் பெயின்ட் உப்பினால் அடியில் துரு இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். விமானத்திலும் பெயின்ட் கொப்புளம்தான் முதல் அடையாளம்.

இதற்கு முன்னால் காமெட் என்ற முதல் ஜெட் பயணிகள் விமானம் இருந்தது. 1952ல் சேவைக்கு வந்து, 1954ல் நடுவானில் அடுத்தடுத்து உடைந்தது. இங்கிலாந்தில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, அழுத்தம் ஏற்றி ஏற்றி இறக்கி, எங்கே கிழிகிறது என்று பார்த்துத்தான் காரணத்தைப் பிடித்தார்கள். உலோகம் களைத்துப்போகும் என்று இந்தத் தொழில் கற்றுக்கொண்டது உயிர்களைக் கொடுத்துத்தான்.

என் கதைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த நாலு இடங்களில் ஒன்று, பெயர் வேண்டாம். டாய்லெட்டுக்குக் கீழே தரைச் சட்டத்தில் அரிப்பு பார்த்தேன். காலையில் விமானம் கிளம்ப வேண்டும். மேலே இருந்தவர், "லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, எழுதிடு" என்றார். அளக்காமல் எழுத மாட்டேன் என்றேன். அளக்க வேண்டுமென்றால் சுரண்டி எடுக்க வேண்டும், நாலு மணி நேரம். விமானம் தாமதமானது. அடுத்த மாதத்திலிருந்து ஆறு மாதம் எனக்கு ஓவர்டைம் கிடையாது. பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்கு அந்த வருஷம் கடன் வாங்கினேன்.

10 செப்டம்பர்

பலர் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். ஒரு விஷயத்தை விட்டுவிட்டு எழுதினேன், அது உறுத்துகிறது. அன்றைக்கு அளந்தபோது ஆழம் லிமிட்டுக்குள்தான் இருந்தது. அவர் சொன்னது சரி. பல வருஷம் இதை நினைத்து, அந்த நாலு மணி நேரம் வீண்தானோ என்று குழம்பியிருக்கிறேன். இப்போதும் அளந்திருப்பேன். அவருக்குத் தெரிந்திருந்தது அனுபவத்தில். நான் கையெழுத்துப் போட வேண்டியது அளந்து எழுதிய எண்ணுக்குக் கீழே.

7 அக்டோபர்

நேற்று மெரினாவில் விமானப்படை சாகசம். கூட்டத்துக்குப் பயந்து நான் போகவில்லை, காசிமேடு பக்கம் கடலோரத்திலிருந்து பேரனோடு பார்த்தேன். அங்கே போனவர்களில் ஐந்து பேர் திரும்பி வரவில்லை என்று ராத்திரி செய்தி. வெயிலும் நெரிசலும். வானத்தைப் பார்க்கப் போன ஜனம். மனசு ஆறவில்லை.

தேஜஸ் போர் விமானம் போனபோது பேரன், "தாத்தா, இது நாம செஞ்சதா?" என்றான். ஆமாம் என்றேன். முழுசாகச் சொல்ல அப்போது மனம் வரவில்லை. 2001 ஜனவரியில் முதலில் பறந்தது, உடம்பு நம்முடையது, எஞ்சின் அமெரிக்காவுடையது. நம் காவேரி எஞ்சின் அதற்கு எட்டவில்லை. 1961ல் பறந்த நம் மாருத் போர் விமானத்துக்கும் இதே குறைதான். ஜெர்மனியின் குர்ட் டாங்க் வந்து அழகான உடம்பு போட்டுக்கொடுத்தார், அதற்கேற்ற எஞ்சின் கிடைக்கவே இல்லை. தகட்டுக்காரன் சொல்கிறேன், உடம்பு கட்டுவது எங்களால் முடிந்துவிட்டது. எஞ்சினுக்குள் சுழலும் பிளேடு, அதன் உலோகம் உருகும் சூட்டையும் தாண்டிய வாயுவில் நின்று வேலை செய்ய வேண்டும். அந்த உலோகத்தை வார்க்கிற வித்தை தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணலாம். அவர்கள் யாரும் சும்மா கற்றுத்தர மாட்டார்கள்.

13 அக்டோபர்

தங்கச்சி தனியாகக் கேட்டாள், "கட்டாதே என்று சொன்னீர்கள், அப்புறம் இவ்வளவு ஆசை காட்டி எழுதினால் தம்பி என்ன செய்வான்?" என்று. நியாயம். முதல் நாள் எழுதியது அந்தத் தெருப் பையனை நினைத்த கோபம். மாற்றிச் சொல்கிறேன்.

சேரலாம். ஆனால் நிலையத்துக்கு, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் கார்-147 என்ற பயிற்சி நிலைய அங்கீகாரம் இப்போது செல்லுபடியாகிறதா என்று டி.ஜி.சி.ஏ.வின் பட்டியலிலேயே பார்க்க வேண்டும், நோட்டீஸில் பார்க்கக் கூடாது. ஜெட் விமானத்தின் எஞ்சின், உடம்பு வேலை என்றால் பி1.1 வகை லைசென்ஸ். மின்னணு, ரேடியோ என்றால் பி2. மாட்யூல் என்கிற பாடப்பகுதி ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வாங்க வேண்டும், குறைந்தால் ஃபெயில்தான். படிப்பு முடிந்ததும் லைசென்ஸ் வராது, ஓடும் விமானத்தில் வேலை பார்த்த அனுபவத்தையும் காட்ட வேண்டும். அதற்கும் மேலே, குறிப்பிட்ட ரக விமானத்துக்குத் தனிப் பயிற்சி முடித்தால்தான் "இது பறக்கலாம்" என்று கையெழுத்துப் போட முடியும். ஆக, பையன் சம்பாதிக்க வருஷங்கள் ஆகும். அப்பா அதைத் தாங்குவாரா என்பதைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

கட்டுவதற்கு முன் பழைய மாணவர்கள் மூன்று பேரைப் பார்த்து ஒரே கேள்வி: "உன் கையால் எதைக் கழற்றினாய்?"

30 அக்டோபர்

வதோதராவில் சி-295 என்ற ராணுவப் போக்குவரத்து விமானம் கட்டும் ஆலையை முந்தாநாள் திறந்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் வேலை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது பராமரிப்பைத்தான். 2023ல் மட்டும் இண்டிகோ 500 விமானத்துக்கும் ஏர் இந்தியா 470க்கும் ஆர்டர் கொடுத்தன. அத்தனையும் வந்தால் யார் திறந்து பார்ப்பது? நம் நாட்டு விமானங்களின் எஞ்சின்கள் பெரும்பாலும் இன்னமும் பெரிய ரிப்பேருக்கு வெளிநாடு போகின்றன. பராமரிப்பு வேலைமேல் இருந்த 18 சதவீத வரியை 2020ல் 5 ஆக்கிய பிறகுதான் இங்கேயே செய்வது கட்டுப்படியாகத் தொடங்கியது.

அதே 2023ல் பிராட் அண்டு விட்னியின் புது எஞ்சின்களில், உள்ளே சுழலும் டிஸ்க் செய்யும் உலோகத் தூளிலேயே மாசு என்று தெரிந்து, உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான விமானங்கள் நின்றன. நம் ஊர் விமானங்களும்தான். அரிசியில் ஒரு கல் என்று விட முடியாத தொழில் இது.

17 நவம்பர்

தம்பி இன்று வந்தான், அப்பாவோடு. மீன்பிடித் துறைமுகத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம். போயிங் 787ன் எடையில் ஏறக்குறைய பாதி, உங்கள் படகு மாதிரி இழையும் ரெசின் பசையும்தான் என்றேன். அப்பா நம்பவில்லை. படகில் கண்ணாடி இழை, அதில் கார்பன் இழை. படகு வெயிலில் காயும், அது பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒரு அடுப்பில் வேகும். மற்றபடி மேட் என்கிற இழை விரிப்பை அடுக்கி, குமிழ் இல்லாமல் உருட்டி, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் அளவு தப்பாமல் கலக்கிற கவலை இரண்டுக்கும் ஒன்றே என்று சொன்னபோது அவர் முதல்முறை சிரித்தார்.

பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தேன். விமானத்தில் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறதா என்று பார்க்க நாங்கள் நாணயத்தால் தட்டுவோம். நல்ல இடம் கணீரென்று சொல்லும், விட்ட இடம் மொத்தென்று சொல்லும். நான் படகின் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே போனேன். பையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஒரு இடத்தில் கையைத் தூக்கினான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, திரும்பத் தட்டினேன். அவன் மறுபடி தூக்கினான்.

அப்பா அரம் எடுத்து அந்த இடத்தைத் தேய்த்தார். ஜெல்கோட் என்ற மேல்பூச்சுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு மேட் விட்டிருந்தது.